முன்னால் 25, பின்னால் 32: ஒரு சைக்கிளின் டயர் பிரச்சினை, நிகழ்வு ஆய்வு

சைக்கிளில் முன்னால் ஓர் அகலம், பின்னால் ஓர் அகலம் என்று டயர் போடலாமா? போடலாம். பலர் போட்டு நன்றாகவே ஓட்டுகிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு அகலமானது, எதற்காக, அப்புறம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று என்ற மூன்றையும் யோசிக்காமல் போடும்போதுதான் வம்பு. அப்படி வம்பில் மாட்டிய ஒரு சைக்கிளை அளந்து, மாற்றி, ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த விவரம் இது. எண்களோடு எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலும் "எனக்கு நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது, அதை வைத்து அடுத்தவர் தன் வண்டிக்கு எதையும் முடிவு செய்ய முடியாது.

சைக்கிள் சென்னை கொட்டிவாக்கத்தில் இருக்கும் ஒரு நண்பருடையது. முப்பதுகளின் நடுவில் இருப்பவர், மயிலாப்பூரில் வேலை, வாரநாட்களில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகத் திருவான்மியூர், எல்.பி. ரோடு, அடையாறு, திரு.வி.க. பாலம், மந்தைவெளி என்று சைக்கிளிலேயே போய்வருகிறார். ஞாயிறு காலையில் முட்டுக்காடு, சில சமயம் மாமல்லபுரம் வரை. வண்டி, வளைந்த ஹேண்டில்பார் வைத்த சாதாரண அலுமினிய ரோடு பைக். ரிம்மை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பிரேக், அதுவும் கை நீளமான வகை, அதாவது கொஞ்சம் அகலமான டயருக்கும் இடம் கொடுக்கும். பின்னால் கேரியர், அதில் லேப்டாப், டிபன் பாக்ஸ், பூட்டு, மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்த பை. வாங்கியபோது இரண்டு சக்கரத்திலும் 700 × 28 டயர் இருந்தது (700 சக்கரத்தின் அளவு, 28 என்பது மி.மீ.யில் டயரின் அகலம்; 25, 32 எல்லாம் அப்படித்தான்).

அது தேய ஆரம்பித்ததும் ஒரு கடையில் முன்னால் 25, பின்னால் 32 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சொன்ன காரணம்: பின்னாடிதான் வெயிட், அதனால அகலம், முன்னாடி மெல்லிசா இருந்தா ஸ்பீடு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அப்படித்தானே பார்க்கிறோம்?

மூன்று புகார்களோடு வந்தார். முதலாவது, பின் சக்கரம் அடிக்கடி பஞ்சர், அதுவும் ஆணி, கண்ணாடி எதுவும் கிடைக்காத பஞ்சர். இரண்டாவது, அடையாறு வருவதற்குள் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. மூன்றாவதுதான் பெரியது: ஈ.சி.ஆரில் ஓர் உள்தெருவுக்குள் திரும்பும்போது ஓரத்தில் குவிந்திருந்த மணலில் முன் சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறார், முழங்காலும் முழங்கையும் உரிந்திருந்தன. "அண்ணா, பின்னாடி போட்ட மாதிரி முன்னாடியும் 32 போட்டா சரியாயிடுமா, இல்ல பழையபடி ரெண்டும் 28-க்கே போயிடட்டுமா?" என்பதுதான் அவர் கேள்வி.

டயரைத் தொடுவதற்கு முன்னால் காற்றைப் பார்த்தோம். அளவுமானி உள்ள, தரையில் நிற்கும் பம்பை மாட்டியதும் பாதிக் கதை தெரிந்துவிட்டது. முன்னால் 105 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), பின்னால் 50. முன் டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 120 என்று அச்சிட்டிருந்தது, ரோடு பைக் டயர் என்றால் நூறுக்கு மேல் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பின் டயரில் 50 முதல் 85 வரை என்று போட்டிருந்தது, அகல டயர் சொகுசுக்குத்தானே என்று கீழ் எண்ணையே வைத்துக்கொண்டிருக்கிறார். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் எல்லை. அது ஓட்டுகிறவரின் எடையைப் பார்த்துப் போட்ட எண் இல்லை. ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் அதே டயர்தான் விற்கிறது.

சரி, அடுத்தது எடை. இதற்குக் குளியலறைத் தராசு ஒன்று போதும். பின் சக்கரத்தைத் தராசின் மேல் வைத்து, முன் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, ஆளை வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்கார வைத்து, சுவரில் ஒரு முழங்கை மட்டும் லேசாகத் தொட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றி முன் சக்கரத்துக்கும் அதே. பையைக் கேரியரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், காலியாக அளந்து பயனில்லை. அவர் 78 கிலோ, வண்டி 12, பை 6, மொத்தம் 96. முன் சக்கரத்தில் 37 கிலோ, பின் சக்கரத்தில் 59. நூற்றுக்கு 38-க்கும் 62-க்கும் பக்கம். குனிந்து ஓட்டும் ரேஸ் வண்டியில் 45-க்கு 55 என்று வரும், நிமிர்ந்து உட்காரும் வண்டியில் பின்பாரம் இன்னும் கூடும். இவருடைய கேரியர் பை அதைப் பின்னால் இழுத்துவிட்டது.

இந்த இரண்டு ஜோடி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 37 கிலோ சுமக்கும் சக்கரத்தில் 105, 59 கிலோ சுமக்கும் சக்கரத்தில் 50. பின்னால் அகலமானது போட்டதன் நியாயமே அதிக எடையைத் தாங்கட்டும் என்பதுதான், ஆனால் அந்த அகலத்தைக் காற்றைக் குறைத்து முழுதாகத் தின்றுவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரே பி.எஸ்.ஐ. வைத்தாலும் 25 டயரும் 32 டயரும் ஒரே கெட்டியாக இருக்காது. டயர் உறையில் வரும் இழுவிசை, காற்றழுத்தம் எவ்வளவு என்பதோடு டயரின் குறுக்கு விட்டம் எவ்வளவு என்பதையும் சேர்ந்தது. 25-ல் 100 வைத்தால் உறையில் என்ன இறுக்கம் வருமோ, அது 32-ல் 78 வைத்தாலே வந்துவிடும். அதனால் அகலம் கூடக் கூட காற்று குறைய வேண்டும் என்பது சரிதான். ஆனால் சுமை கூடினால் காற்றும் கூட வேண்டும். பின் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. அகலத்தை மட்டும் பார்த்துக் காற்றை இறக்கியதுதான் அந்த 50.

எவ்வளவு காற்று என்பதற்கு அமெரிக்கரான பிராங்க் பெர்ட்டோ டயர்களை அளந்து வைத்த ஒரு கணக்கு இருக்கிறது: ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அமுங்க வேண்டும். அதைவிடக் குறைவாக அமுங்கினால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும், அதைவிட அதிகமாக அமுங்கினால் ரிம்முக்கு ஆபத்து. அந்தக் கணக்கின்படி 37 கிலோவுக்கு 25 டயரில் ஏறத்தாழ 70 பி.எஸ்.ஐ. போதும். 59 கிலோவுக்கு 32 டயரில் 75-க்கு மேல் வேண்டும். நண்பர் வைத்திருந்தது ஒன்றில் ஒன்றரை மடங்கு, இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த 15 சதவீதம் வேதவாக்கு இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பின் சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டிய ட்யூபைப் பார்த்தோம். ஒட்டுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு சின்னக் கீறல், ரிம்மின் அகலத்துக்கு இடைவெளி விட்டு, பாம்பு கடித்த தடம்போல. ஆணி, கண்ணாடி குத்தினால் இப்படி வராது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் இடிக்கும்போது டயர் முழுதாக அமுங்கி, ட்யூப் ரிம்முக்கும் பள்ள விளிம்புக்கும் நடுவில் நசுங்கிக் கிழிவதுதான் இது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் அடையாறு, மந்தைவெளிப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தடுப்புகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதை, ரோட்டைவிடக் கொஞ்சம் எழுந்து நிற்கும் இரும்புத் தகடுகள், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு மேடும் பள்ளமுமான தார். பக்கத்தில் பஸ் வரும்போது பள்ளத்தைச் சுற்றிப்போக இடமிருக்காது, இறங்கித்தான் ஏற வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சுக்குப் போகும் செயின்ஸ்டே குழாயில், இடது பக்கத்தினுடைய உள்பக்கம் பெயின்ட் தேய்ந்து அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. பின் டயரை வெர்னியரால் அளந்தால் அந்த ரிம்மில் 31.4 மி.மீ., குழாய்க்கும் டயருக்கும் நடுவில் இரண்டு மி.மீ.தான் இடைவெளி. ரிம்மில் சின்னக் கோட்டம் விழுந்தாலோ, பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாலோ உரசும். ஈர மணல் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள்தான். இந்த ஃபிரேமின் பின்பக்கத்துக்கு 32 இடமில்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கில் நிறைய இடம் இருந்தது. விலை குறைந்த ரோடு பைக்குகள் நிறையவற்றில் இதுதான் நிலைமை. பின்னால் செயின், கிராங்க் எல்லாம் இடத்துக்குப் போட்டி போடும், முன்னால் அந்த நெருக்கடி இல்லை.

மோட்டார் சைக்கிள் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்தால் முன்னால் 100/90-19, பின்னால் 120/80-18. உண்மைதான், பின்னால்தான் அகலம். ஆனால் அங்கே பின் சக்கரம் 20 குதிரைத்திறனைத் தரையில் இறக்க வேண்டும், பின்னால் ஓர் ஆளையும் சுமக்க வேண்டும். ஆபீஸுக்குச் சைக்கிள் மிதிக்கிற ஒருவர் தொடர்ந்து கொடுப்பது நூறு, நூற்றைம்பது வாட், அதாவது கால் குதிரைத்திறன்கூட இல்லை. அந்தச் சக்திக்குப் பின் டயர் வழுக்குவது ரொம்ப அபூர்வம். சைக்கிளில் பின் டயருக்கு அகலம் கேட்பது சுமைதான், அதை ஓரளவு காற்றால் சமாளித்துவிடலாம்.

முன் சக்கரத்தின் வேலை வேறு. திரும்புவது அதுதான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்துவதிலும் பெரும்பங்கு அதனுடையது. திருவான்மியூரில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான சைக்கிள் மெக்கானிக் இதை ஒரே வரியில் சொல்வார்: "பின்னாடி சறுக்குனா சமாளிச்சிடலாம் தம்பி, முன்னாடி சறுக்குனா தரைதான்." இது அனுபவப் பேச்சு மட்டும் இல்லை. பின் சக்கரம் விலகினால் ஹேண்டிலைத் திருப்பிச் சமநிலையை மீட்க ஒரு நொடி கிடைக்கிறது. முன் சக்கரம் விலகினால் சமநிலையை மீட்கும் கருவியே கையை விட்டுப் போய்விடுகிறது.

முன்னால் மெல்லிய டயர் என்பது எங்கிருந்து வந்தது? ரேஸிலிருந்து வந்தது. காற்றை முதலில் கிழிப்பது முன் சக்கரம், அதனால் அங்கே மெல்லிய டயர் போட்டால் எதிர்க்காற்றில் கொஞ்சம் லாபம். கான்டினென்டல் நிறுவனம் முன்னால் 22, பின்னால் 24 என்று ஜோடியாகவே விற்றது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் சுத்தமான ரோட்டில் போகிறவருக்கு அது பொருந்தும். எல்.பி. ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, சராசரி இருபதைத் தொடாமல் போகிறவருக்கு அந்த லாபம் கணக்கிலேயே வராது. காடுமேடுகளில் ஓட்டும் மலைச் சைக்கிள்காரர்கள் நேர்மாறு, அங்கே முன்னால்தான் அகலம். முன்னால் 2.5 அங்குலம், பின்னால் 2.4 என்று போடுவது சகஜம், ஏனென்றால் மண்ணிலும் சரளையிலும் முன்பிடி போனால் கதை முடிந்தது. 2019-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் மலைச் சைக்கிள் போட்டிகளில் முன்னும் பின்னும் வேறு வேறு விட்டமுள்ள சக்கரங்களையே அனுமதித்துவிட்டது. மணல் குவிந்த ஈ.சி.ஆர். ஓரமும் தோண்டிப்போட்ட அடையாறும் ரேஸ் ரோட்டுக்குப் பக்கமா, காட்டுப்பாதைக்குப் பக்கமா என்று கேட்டால் நான் காட்டுப்பாதைக்குப் பக்கம் என்றுதான் சொல்வேன்.

சரி, என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அதனால் முதலில் டயரை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் மாற்றினோம். முன்னால் 105-லிருந்து 70, பின்னால் 50-லிருந்து 75. பின் பஞ்சர் நின்றது. கை மரத்துப்போவது பாதியாகக் குறைந்தது. வண்டி சோம்பலாகிவிடும் என்று பயந்தார், ஆகவில்லை. கரடுமுரடான ரோட்டில் கல்லு மாதிரி காற்று அடித்த டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடுகிறது, அப்படித் தூக்குவதற்கான சக்தியும் நம் காலிலிருந்துதான் போகிறது. வழவழப்பான உருளையில் ஓட்டினால் கெட்டி டயர் வேகம், சென்னை ரோட்டில் அப்படி இல்லை.

மணல் பயம் மட்டும் போகவில்லை. இதற்குத்தான் அகலம். முன் டயரை ஈரத்துணியால் துடைத்து, பழுப்புக் காகிதத்தின் மேல் இறக்கி, ஆளை உட்கார வைத்து எடுத்தால் ஈரத்தடம் பதியும். 105-இல் எடுத்த தடம் கட்டைவிரல் நுனியைவிடக் கொஞ்சம்தான் நீளம். இதைக் கணக்காகவும் போடலாம்: 37 கிலோவை 105 பி.எஸ்.ஐ. தாங்க வேண்டுமானால் ஐந்து சதுர சென்டிமீட்டர் தரையில் பட்டால் போதும். 32 டயரில் 40 கிலோவை (பையை மாற்றிக் கட்டியபின் முன் சக்கரத்துக்கு வந்த சுமை, கீழே சொல்கிறேன்) 50 பி.எஸ்.ஐ.யில் தாங்க ஏறத்தாழ பதினொன்று சதுர சென்டிமீட்டர் வேண்டும், இரண்டு மடங்குக்கு மேல். தார் ரோட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மணலில் தெரியும். சின்னத் தடம் மணலுக்குள் இறங்கி உழுகிறது, உழும் சக்கரம் திரும்பச் சொன்னால் திரும்பாது, நேராகவே போகும், ஆள் மட்டும் திரும்புவார். பெரிய தடம் மேலாகவே மிதந்து போகிறது.

ஆக முடிவு: முன்னால் 32, பின்னால் 28. கடையில் போட்டுக் கொடுத்ததற்குக் கிட்டத்தட்டத் தலைகீழ். பின் சக்கரத்திலிருந்த 32-ஐக் கழற்றி முன்னால் போட்டால் காசு மிச்சம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின் டயர் முன் டயரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தேயும், அதன் நடுப்பகுதி ஏற்கெனவே தட்டையாகியிருந்தது. தேய்ந்த பின் டயரை ஒருபோதும் முன்னால் கொண்டுவரக் கூடாது, புதியது எப்போதும் முன்னால் என்று காலமான சைக்கிள் மேதை ஷெல்டன் பிரவுன் வற்புறுத்திச் சொல்வார். முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். முன்னுக்குப் புது 32 வாங்கினோம். பின்னுக்கு, பரணில் கோணியில் கட்டிப்போட்டிருந்த பழைய 28 ஜோடியில் முன்னால் ஓடிய டயர் இன்னும் நன்றாக இருந்தது, அதைப் போட்டோம்.

அடுத்து, பையிலிருந்து பூட்டையும் கருவிகளையும் எடுத்து ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பையில் கட்டினோம், மூன்று கிலோ. பின் சக்கரத்தின் சுமை 59-லிருந்து 56 ஆனது, முன் சக்கரத்தின் சுமை 37-லிருந்து 40 ஆனது. கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் 28 டயர் சுமக்கும் சக்கரத்துக்கு அந்த மூன்று கிலோ ஐந்து பி.எஸ்.ஐ.க்குச் சமம். காற்று: முன்னால் 50, பின்னால் 90. இந்த இரண்டு எண்ணையும் கேட்டவுடன் நிறையப் பேர் முகம் சுளிக்கிறார்கள், இவ்வளவு வித்தியாசமா என்று. அகலமும் வேறு, சுமையும் வேறு, அப்புறம் காற்று மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? பால் கேன் கட்டிய பழைய கறுப்புச் சைக்கிளில்கூட இரண்டு டயரும் 28 × 1½ என்ற ஒரே அளவுதான், ஆனாலும் பின்னால் கெட்டியாக, முன்னால் கொஞ்சம் இளக்கமாகத்தான் காற்று இருக்கும். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து சென்னைத் தெருக்களில் ஓடும் வண்டிகளின் பழக்கம் அது, புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

மாட்டும்போது பார்த்த விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 32 டயரை முழுக் காற்றோடு காலிப்பர் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் நுழைக்க முடியவில்லை, காற்றை இறக்கி நுழைத்துப் பிறகு அடிக்க வேண்டும். ஃபோர்க்கின் மேல்வளைவுக்கும் டயருக்கும் நடுவில் 4 மி.மீ. ஆலன் சாவி எங்கும் தட்டாமல் சுற்றிவர வேண்டும். நுழையவில்லை என்றால் அந்த டயர் அந்த ஃபோர்க்குக்கு வேண்டாம், ஈர மணலோ சின்னக் கல்லோ அங்கே சிக்கினால் முன் சக்கரம் நின்றுவிடும். அகல டயரால் சக்கரத்தின் ஆரமும் கூடுகிறது, அதனால் பெடலில் கால் வைத்து ஹேண்டிலைத் திருப்பும்போது செருப்பு நுனி டயரில் இடிக்கிறதா என்று பாருங்கள். இவருக்கு இடிக்கவில்லை, சின்ன ஃபிரேம் வண்டிகளில் இடிக்கும். ரிம்மின் உள்ளகலம் 17 மி.மீ. இருந்தது, 28-க்கும் 32-க்கும் அது பொருந்தும். பழைய 13 மி.மீ. ரிம்மில் 32-ஐப் போட்டு 50 வைத்தால் திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும்.

ஹேண்டில் பழக்கம் மாறியதை அவரே கவனித்துச் சொன்னார், "அண்ணா, முன்ன மாதிரி வெடுக்கு வெடுக்குனு திரும்பல." காரணம் இருக்கிறது. 25-க்கு 32 என்றிருந்தபோது முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஏழு மி.மீ. தாழ்ந்திருந்தது. சக்கரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் தூரம் என்று வைத்தால், ஹேண்டில் குழாய் 0.4 டிகிரி செங்குத்தாகிவிட்டது. இப்போது முன்பக்கம் நான்கு மி.மீ. உயர்ந்திருக்கிறது, 0.2 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம், அது கைக்குத் தெரியும். போதாததற்கு இளக்கமான அகல டயரே ஹேண்டிலைக் கொஞ்சம் நேராக இழுத்துப் பிடிக்கும், முன்பையின் கனமும் சேர்கிறது. அவருக்குப் பிடித்துவிட்டது. சந்துகளில் வளைந்து நெளிந்து ஓட்டுகிற ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம், அது ருசி.

ஸ்பீடோமீட்டரையும் மறந்துவிடாதீர்கள். வயர் உள்ள வகையில் சென்சார் பெரும்பாலும் முன் ஃபோர்க்கில்தான் இருக்கும். 25 டயர் ஒரு சுற்றுக்கு 2105 மி.மீ. போகும், 28 என்றால் 2136, 32 என்றால் 2155. கடையில் டயரை மாற்றியபோது யாரும் எண்ணை மாற்றவில்லை, 2136-லேயே இருந்தது, அதனால் இவ்வளவு நாளும் மீட்டர் ஒன்றரை சதவீதம் கூடக் காட்டிக்கொண்டிருந்தது. 25-லிருந்து 32-க்கு வந்ததை மட்டும் எடுத்தால் 2.4 சதவீதம், மாமல்லபுரம் போய்த் திரும்பும் தூரத்தில் அது இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும்.

மழைக்காலம் வந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார், 32 டயர் வழவழப்பாக இருக்கிறதே, தண்ணீரில் மிதந்து வழுக்காதா என்று. காருக்கு அந்தப் பயம் நியாயம், சைக்கிளுக்கு இல்லை. விமான டயர்களை ஆராய்ந்து நாசா சொன்ன கணக்கில் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 50 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மழையில் உண்மையான எதிரிகள் வேறு: மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, ஜீப்ரா கோட்டின் பெயின்ட், ரோட்டுக்கு இணையாகக் கம்பி போட்ட வடிகால் மூடி. முதல் இரண்டிலும் அகலம் பெரிதாக உதவாது, நிமிர்ந்து நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். கம்பி மூடியில் மட்டும் 25 உள்ளே இறங்கும் இடைவெளியில் 32 இறங்காமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது நிலைமை என்ன என்றால், நசுங்கிக் கிழியும் பஞ்சர் திரும்ப வரவில்லை. கம்பி பஞ்சர் வந்தது. லாரி டயர் கிழிந்து சிதறும் எஃகு இழைகள் ஈ.சி.ஆர். ஓரமெல்லாம் கிடக்கும், ரோமம்போல மெலிதாக இருக்கும் அது எந்த அகலத்தையும் துளைத்துவிடும், அதற்குப் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர்தான் வழி. மணலில் இப்போதும் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்புகிறார், குறைத்தால் முன் சக்கரம் சொன்ன பக்கம் போகிறது. கை மரத்துப்போவது முழுதாகப் போகவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளியோரம் போகும் அல்னார் நரம்பு அமுங்குகிறது என்று பொருள், அதிர்வு குறைந்தால் கொஞ்சம் தணியும், ஆனால் உடல் பாரம் கையில் விழுவதையும் சரிசெய்ய வேண்டும். அவருடைய சீட் முன்பக்கம் சரிந்து ஆளை ஹேண்டில் மேல் தள்ளிக்கொண்டிருந்தது. அதை மட்டமாக்கியதும் மீதி சரியானது. டயரை மட்டும் மாற்றிவிட்டு இதைப் பார்க்காமல் விட்டிருந்தால், பாவம் 32 டயர் மேல் பழி விழுந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. இரண்டும் ஒரே அகலமாக இருந்தால் பின் டயர் தேய்ந்ததும் முன் டயரைப் பின்னால் தள்ளி, புதியதை முன்னால் போட்டு ஓட்டலாம், எந்த டயரும் பரணில் கிடந்து காய்ந்து வெடிக்காது. இங்கே 32 பின்னால் போகாது, அதனால் பின்னுக்கு 28 தனியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: ஃபிரேம் இடம் கொடுத்தால் இரண்டும் 32 போடுங்கள், காற்றை மட்டும் வேறு வேறாக வையுங்கள், இவர் எடைக்கு முன்னால் 50, பின்னால் 75 அருமையாக இருந்திருக்கும். இடம் இல்லாதபோதுதான் வேறு வேறு அகலம், அப்போது அகலமானது முன்னால். பின்பாரம் மிக அதிகமாக, குழந்தை இருக்கையோ தண்ணீர் கேனோ வைத்து ஓட்டுகிறவர் பின்னால் அகலம் போட்டே ஆக வேண்டும் என்றால் போடட்டும், ஆனால் முன்னால் 28-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

மாற்று ட்யூப் விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை, 28/32 என்று அச்சிட்ட ட்யூப் ஒன்று இரண்டு சக்கரத்துக்கும் பொருந்தும், அதைத்தான் சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறார். பம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி "முன் 50, பின் 90" என்று எழுதிவைத்திருக்கிறார், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்ப்பது பழக்கம், மதியம் வெயிலில் நின்ற வண்டியில் பின் டயர் ஏழெட்டு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். பின்னால் இருக்கும் 28 தேய்ந்ததும் 30 டயர் ஒன்று தேடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அளந்தால் 30-ஐத் தாண்டாமல் இருந்தால் இருபுறமும் மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி கிடைக்கும், ரிம் கோட்டத்தை அடிக்கடி பார்த்து எடுப்பதாக இருந்தால் அது ஓடும். பாரிமுனைக் கடைகளில் 28-ம் 32-ம் உடனே கிடைக்கின்றன, 30-க்குத்தான் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.